பாட்டே இல்லாத ஒரு கொலை: 'அந்த நாள்' படத்தை நான் தப்பா பார்த்த கதை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்த வரை அப்படியே விட்டிருக்கிறோம். கொலை செய்தது யார் என்பதை இதில் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.)

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும்.

கொஞ்ச நாள் முன்னாடி, பழைய தமிழ்ப் படங்களைப் பத்திப் பேசும்போது, போற போக்குல ஒரு வார்த்தை சொன்னேன். "அந்த நாள் நல்ல படம்தான், ஆனா ஸ்லோ." அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன்.

நான் எப்படிப் பார்த்துட்டு அதைச் சொன்னேன்னு சொல்லல, இல்லையா? திருமுடிவாக்கத்துல இருந்து பல்லாவரம் போற பஸ்ல, நின்னுக்கிட்டே, போன்ல பார்த்தேன். அதுவும் 1.5 வேகத்துல. சுமார் 130 நிமிஷப் படத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள்ள, போறப்ப பாதி வர்றப்ப பாதின்னு முடிச்சேன். யார் சுட்டாங்கன்னு தெரிஞ்சது. படம் பார்த்தாச்சுன்னு டிக் அடிச்சுட்டேன்.

அப்புறம் யோசிச்சா, 1954-ல் இந்தப் படத்தைத் தோற்கடிச்ச கூட்டம் செஞ்சதும் கிட்டத்தட்ட இதேதான். அவங்களாவது தியேட்டர்ல உட்கார்ந்து முழுசாப் பார்த்தாங்க. நான் அதைக்கூடச் செய்யல.

என் தப்பு எனக்குப் புரிஞ்சது ஒரு பிரெஞ்சுப் படத்தால. அதனால கதையை அங்கிருந்து தொடங்குறேன். கொஞ்சம் பாரிஸ் போயிட்டு, மெட்ராஸ் வந்துடலாம்.

கறுப்புன்னு பேர் வெச்சவங்க

'நுவார்'ங்கிற வார்த்தையை நீங்க கேட்டிருப்பீங்க. பிரெஞ்சுல கறுப்புன்னு அர்த்தம். ஆனா அந்த வகைப் படங்கள் முதலில் எடுக்கப்பட்டது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது ஹாலிவுட் படங்கள் அங்கே வரவில்லை. போர் முடிந்தது. 1946-ல், தேங்கிக் கிடந்த படங்கள் எல்லாம் மொத்தமாகப் பாரிஸுக்கு வந்து இறங்கின. 'த மால்டீஸ் ஃபால்கன்', 'டபுள் இன்டெம்னிட்டி', 'லாரா' என்று அடுத்தடுத்து பார்த்த விமர்சகர்களுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இதில் எல்லாம் இருட்டு அதிகம். குற்றம் வெளியிலிருந்து வருவதில்லை, மனிதனுக்கு உள்ளேயிருந்து வருகிறது. நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் இந்தப் படங்களைக் குறிக்க 'ஃபிலிம் நுவார்' என்று எழுதினார். அதற்கு முந்தைய வருடமே 'சேரி நுவார்' என்ற பெயரில் அங்கே குற்ற நாவல் வரிசை ஒன்றும் தொடங்கியிருந்தது.

நமக்கும் துப்பறியும் கதை புதுசு இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஜே.ஆர். ரங்கராஜு எல்லாம் நூறு வருஷம் முன்னாடியே நம்ம தாத்தா பாட்டிகளைத் தூங்கவிடாம எழுதினவங்க. ஆனா அந்தக் கதைகள்ல கேள்வி ஒண்ணுதான்: 'யார் செஞ்சது?' பிரெஞ்சுக்காரங்க கூடவே இன்னொரு கேள்வி கேட்டாங்க: 'செய்யும்போது எப்படி இருந்தது?'

அந்த இரண்டாவது கேள்விக்கு முழு விடை மாதிரி ஒரு படம் 1955 ஏப்ரலில் வந்தது. 'ரிஃபிஃபி'. இயக்குநர் ஜூல்ஸ் டாசின். அவர் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் போட்டு ஹாலிவுட்டில் வேலை இல்லாமல் செய்துவிட்டார்கள். பிழைப்புக்கு ஐரோப்பா போனவர், குறைந்த செலவில் எடுத்த படம் இது. அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த இயக்குநருக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கதை சுலபம். நாலு பேர் ஒரு நகைக்கடையில் கொள்ளையடிக்கிறார்கள். மேல் வீட்டுத் தரையை உடைத்து, ஓட்டை வழியாகக் கடைக்குள் இறங்குகிறார்கள். அந்தக் காட்சி ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுகிறது. அதில் ஒரு வார்த்தை வசனம் இல்லை. பின்னணி இசையும் இல்லை. உளிச் சத்தம், மூச்சு, எங்கேயோ தொட்டுவிட்ட பியானோ கட்டை ஒன்றின் ஒலி. அவ்வளவுதான். சின்ன அதிர்வு வந்தாலும் அலாரம் அடித்துவிடும். அதனால் முதலில் சின்னதாக ஒரு துளை போட்டு, மடக்கிய குடையை அதன் வழியாகக் கீழே விட்டு விரிக்கிறார்கள். உடைகிற காரைத் துண்டுகள் எல்லாம் தரையில் விழாமல் குடைக்குள் விழுகின்றன. அலாரம் பெட்டிக்குள் தீயணைப்பான் நுரையைப் பீய்ச்சி, அதன் வாயை அடைக்கிறார்கள்.

நான் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்ல போட்டு வெச்சிருந்தேன். எங்க மாடியில குடியிருக்கிற அண்ணன் மோட்டார் ரூம் சாவி கேட்டு வந்தார். சிட்கோ எஸ்டேட்ல டர்னர் வேலை, இருபது வருஷமா லேத் முன்னாடி நிக்கிறவர். சாவியை வாங்கிட்டு, ஸ்க்ரீனைப் பார்த்தார். நின்னார். அப்புறம் கட்டில் ஓரத்துல உட்கார்ந்துட்டார்.

எனக்கு உள்ளுக்குள்ள பதட்டம். பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை, ஒருத்தனும் பேச மாட்டேங்கிறான். அண்ணனுக்குப் போரடிக்குமேன்னு, "கொஞ்சம் ஸ்லோவா இருக்கும்ணா, ஃபார்வர்டு பண்ணவா?"ன்னு கேட்டேன்.

"எது ஸ்லோ?"ன்னார். "அவன் கரெக்டாதான் செய்றான் தம்பி. வேலைக்குன்னு ஒரு நேரம் இருக்குல்ல. நம்ம அவசரத்துக்கு ஃபீடு கூட்டினா டூல் உடைஞ்சிடும், ஜாபும் போயிடும்."

குடை விரியிற இடத்துல, சின்னப் பையன் மாதிரி சிரிச்சார். கடைசி வரைக்கும் இருந்து பார்த்துட்டுதான் போனார். மோட்டார் போட மறந்துட்டோம். அன்னிக்கு ராத்திரி டேங்க்ல தண்ணி இல்ல, அது வேற கதை.

அவர் போனதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன். நான் 'ஸ்லோ'ன்னு சொன்னது படத்தோட வேகத்தை இல்ல. எனக்கு எதைப் பார்க்கணும்னு தெரியலைங்கிறதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கேன். வேலை தெரிஞ்சவர் வேலையைப் பார்த்தார். நான் முடிவைப் பார்க்கக் காத்திருந்தேன்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி இன்னொரு தகவல். படத்தின் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக், பெரிய ஆள். இந்தக் காட்சிக்கு இசை கட்டாயம் வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். டாசின் காட்சியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினார்: ஒருமுறை இசையோடு, ஒருமுறை இசை இல்லாமல். பார்த்த ஓரிக்கே, இசை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். டாசின் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன சம்பவம் இது.

இசை தெரிந்தவர்தான் இசை எங்கே வேண்டாம் என்று சொல்ல முடியும். இதை மனசுல வெச்சுக்கோங்க. ஏன்னா, இதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நம்ம மெட்ராஸ்ல ஒரு இசைக்கலைஞர் இதைவிடத் துணிச்சலா ஒரு காரியம் பண்ணிட்டார்.

வீணை வாசிப்பவர் எடுத்த படம்

சுந்தரம் பாலசந்தர். 1927-ல் பிறந்தவர். 'வீணை எஸ். பாலசந்தர்'னு சொன்னா உங்க வீட்டுல பெரியவங்களுக்குத் தெரியும். இயக்குநர் கே. பாலசந்தர் வேற, இவர் வேற. இந்தக் குழப்பம் இப்பவும் இருக்கு.

சின்ன வயசுலேயே அதிசயப் பிள்ளை. 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் அவருடைய அண்ணன் எஸ். ராஜம் ராமராக நடித்தார். சிறுவன் பாலசந்தர் அதில் கஞ்சிரா வாசித்தபடி வருகிறார். செஸ் ஆட்டத்திலும் கெட்டிக்காரர். வீணையைக் குரு என்று யாரிடமும் உட்கார்ந்து கற்காமல் தானே கற்றுக்கொண்டார். நடித்தார், இசையமைத்தார், 1948-ல் 'என் கணவர்', 1951-ல் 'கைதி' என்று படங்களை இயக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' உலகம் சுற்ற ஆரம்பித்தது. 1951-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். 1952-ல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழா மெட்ராஸுக்கும் வந்தது. ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிற அந்த ஜப்பானியப் படம், திரைப்பட விழாவில் பார்த்த பாலசந்தரை விடவில்லை. அந்தப் பாணியில் ஒரு நாடகம் எழுதினார். வானொலிக்குக் கொடுத்தபோது ஏற்கப்படவில்லை என்பார்கள். கதை ஏவி.எம். மெய்யப்பனிடம் வந்தது. அவர் சரி என்றார்.

திரைக்கதை, வசனம் ஜாவர் சீதாராமன். படத்தில் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக வருபவரும் அவரேதான். ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ். முதலில் வேறொரு நடிகரை வைத்துக் கொஞ்சம் எடுத்து, திருப்தியில்லாமல், பிறகு சிவாஜி கணேசனைப் போட்டு மறுபடி எடுத்தார்கள் என்பது கோடம்பாக்கத்தில் பல முறை சொல்லப்பட்ட கதை.

முக்கியமான முடிவு இதுதான்: பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டைக் காட்சி கிடையாது.

இது 1954-ல் எவ்வளவு பெரிய விஷயம்னு இன்னிக்குப் புரியாது. தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சதே பாடிக்கிட்டேதான். முப்பதுகளில் ஐம்பது பாட்டுக்கு மேல் இருந்த படங்கள் எல்லாம் உண்டு. ஐம்பதுகளில் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் பாட்டே இல்லை என்று யாரும் யோசிக்கவில்லை. ஹிந்தியில்கூட 1937-ல் 'நவ்ஜவான்' என்ற ஒரு படத்துக்குப் பிறகு, கே.ஏ. அப்பாஸின் 'முன்னா' வரும்வரை அந்தத் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. 'முன்னா' வந்ததும் இதே 1954-ல்தான்.

இதைச் செஞ்சது யாரு? இசை தெரியாத ஒருத்தர் "பாட்டு எல்லாம் வேஸ்ட்"னு சொல்லியிருந்தா அது வேற. வாழ்க்கை முழுக்க சங்கீதமா இருந்த ஒரு மனுஷன், இந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம்னு முடிவு பண்றார்.

ஊரே காலியான மெட்ராஸ்

படம் நடக்கிறது 1943 அக்டோபர்ல. இந்த எபிசோடுல நான் ரொம்ப நேரம் செலவழிக்க நினைச்சது இந்த இடத்துலதான். ஏன்னா, வேகமா ஓட்டிப் பார்த்தப்போ நான் தவறவிட்டதுல பெரிய விஷயம் இது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். அவசியம் இல்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் என்ன ஆகும் என்று, ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலி போன்ற விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

நம்ம பக்கத்தையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கடற்கரை, தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். எழும்பூரிலிருந்து தெற்கே போகிற ரயில் எதுவானாலும் தாம்பரத்தைத் தாண்டித்தான் போகணும். பெட்டி படுக்கையோட சொந்த ஊருக்குக் கிளம்பின குடும்பங்கள் இந்தத் தண்டவாளம் வழியாத்தான் போயிருக்கும். இன்னிக்கு லேத் சத்தம் கேட்கிற இந்தத் திருமுடிவாக்கம் அப்போ ஏரியும் வயலுமா இருந்திருக்கும்.

ஆனால் அந்த ஏப்ரலில் மெட்ராஸ் மேல் குண்டு விழவில்லை. போனவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். பயம் தணிந்த பிறகு, ஒன்றரை வருடம் கழித்து, 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. சேதம் பெரிதில்லை. அதனாலேயே நகரம் அதைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டது. முதல் உலகப் போரில் எம்டன் கப்பல் வந்ததை இன்றும் சொல்கிறோம். இந்த விமானத்தை யாரும் சொல்வதில்லை.

'அந்த நாள்' என்ற தலைப்பில் இருக்கிற 'அந்த' நாள் இதுதான். குண்டு விழுந்த நேரத்தை ஒட்டி, ஒரு வீட்டுக்குள் துப்பாக்கி வெடிக்கிறது.

செத்துப்போகும் ராஜன் ரேடியோ இன்ஜினீயர். இதுவும் சும்மா வைத்த வேலை இல்லை. போர்க்காலத்தில் ரேடியோ என்பது இன்றைய போன் மாதிரி. சென்னை வானொலி நிலையம் 1938-ல்தான் தொடங்கியிருந்தது. சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் ரேடியோவை 1942 முதல் ரகசியமாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் எதைக் கேட்கிறார்கள் என்பதே சந்தேகத்துக்கு உரிய விஷயமாக இருந்த காலம்.

1954-ல் தியேட்டருக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதெல்லாம் பத்து பதினோரு வருடத்துக்கு முந்தைய சொந்த அனுபவம். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது. 1.5 வேகத்தில் ஓட்டினால் இந்த ஊரே கண்ணில் படாமல் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது.

கேட்கிற படம்

படம் தொடங்கியதுமே ராஜன் சுடப்பட்டு விழுகிறான். அன்றைக்கு வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நாயகன் சிவாஜி, ஆரம்பத்திலேயே பிணம்!

இதை அன்னிக்குக் கூட்டம் எப்படி எடுத்துக்கிட்டிருக்கும்னு யோசிங்க. அந்த வருடம் மார்ச்சில்தான் 'மனோகரா' வந்தது. சங்கிலியால் கட்டப்பட்டு அரசவையில் சிவாஜி கர்ஜிக்கிற படம். ஒரு மாதம் கழித்து, 1954 ஏப்ரல் 13, 'அந்த நாள்' வெளியாகிறது. அதே சிவாஜி, கோட்டு சூட்டில், குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறார்.

பிறகு விசாரணை. எதிர் வீட்டுக்காரர் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, நடனக்காரி அம்புஜம், ராஜனின் மனைவி உஷா. ஒவ்வொருவரும் தாங்கள் அறிந்த ராஜனைச் சொல்கிறார்கள். சொல்லி முடிக்கும்போது, இன்னொருவர் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். சொத்து, பொறாமை, ஆசை என்று காரணம் மாறிக்கொண்டே போகிறது.

இரண்டாவது தடவை பார்த்தப்போ நான் ஒரு வேலை பண்ணேன். 'யார் கொலையாளி'ங்கிற கேள்வியை மூட்டை கட்டி வெச்சுட்டு, ஒவ்வொருத்தர் பேசும்போதும் 'இவங்க ஏன் இதை இப்படிச் சொல்றாங்க?'ன்னு மட்டும் கேட்டுக்கிட்டுப் பார்த்தேன். படம் அப்படியே மாறிடுச்சு.

தம்பி சொல்கிற ராஜன் கல்நெஞ்சக்காரன். அது ராஜனைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, அதைவிட அதிகமாகத் தம்பியைப் பற்றிச் சொல்கிறது. ஒரு கூட்டுக் குடும்பத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வருடக்கணக்காகப் புதைத்து வைத்ததெல்லாம், போலீஸ் வந்து கேட்கும்போதுதான் வெளியே வருகிறது. சாட்சி என்ற பெயரில் அவரவர் மனக்குறையைக் கொட்டுகிறார்கள். சிவானந்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாமும் கேட்க வேண்டும்.

இப்போ சொல்லுங்க, இதுக்கு நடுவுல எங்க பாட்டு வைப்பீங்க? தமிழ் சினிமாவில் பாட்டு என்ன செய்யும்? ஒருவர் மனசில் இருப்பதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடும். வசனத்தில் பொய் சொல்கிற பாத்திரம்கூடப் பாட்டில் உண்மை பேசும். அந்த மரபு நமக்குப் பழகிப்போனது. எல்லாருமே பாதி உண்மை பேசுகிற ஒரு கதையில், ஒரே ஒரு பாட்டு வந்தால் போதும், முடிச்சு அவிழ்ந்துவிடும். பாலசந்தர் இப்படித்தான் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது; படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

'ரஷோமோன்' காப்பின்னு சிலர் சொல்வாங்க. முழுசா சரியில்லை. ரஷோமோனில் நடந்தது என்ன என்று கடைசி வரை தெரியாது. இங்கே விடை கிடைக்கிறது. கதையின் அமைப்பு 1950-ல் வந்த 'த உமன் இன் க்வெஸ்சன்' என்ற பிரிட்டிஷ் படத்துக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. எங்கிருந்து எடுத்தாலும், போர்க்கால மெட்ராஸையும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சொத்துச் சண்டையையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தது இவர்களுடைய வேலை.

குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கடைசியில் படம் கொஞ்சம் பிரசங்கம் செய்கிறது. நாடக மேடை வாடை சில இடங்களில் அடிக்கிறது. 'ரிஃபிஃபி' மாதிரி அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிற தைரியம் இதற்கு இல்லை. இது பேசிக்கொண்டே இருக்கிற படம். ஆனால் மாருதி ராவின் நிழல்கள் இருக்கின்றனவே, அவை பேசுபவர்களை நம்பாதே என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

கூட்டம் செஞ்சது தப்பா?

படம் ஓடவில்லை. பாட்டு இல்லாத படத்தை மக்கள் ஏற்கவில்லை.

அந்தக் கூட்டத்தைத் திட்டறது சுலபம். நான் திட்ட மாட்டேன். அன்றைக்கு வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பாட்டு கேட்கணும்னா சினிமாக் கொட்டகைதான். கூலி வேலை செய்பவர் தரை டிக்கெட் வாங்குகிறார் என்றால், அந்தக் காசுக்குக் கதையும் வேணும், வாரம் முழுக்க முணுமுணுக்க நாலு பாட்டும் வேணும். "நாலு பாட்டு எங்கேப்பா?"ன்னு அவர் கேட்டா அது நியாயமான கேள்விதான். இன்றைக்கு நமக்குப் பாட்டு பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கு. நமக்கு அந்தக் காரணமும் இல்லை. நாம வேகத்தைக் கூட்டுறது வெறும் பழக்க தோஷம்.

தேசிய விருதுகளில் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பிறகு பேர் வளர்ந்தது. ஆனால் பாட்டில்லாத தமிழ்ப் படம் பெரிய வழக்கமாகிவிடவில்லை. 1965-ல் ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்', 1988-ல் பாலு மகேந்திராவின் 'வீடு', 1995-ல் 'குருதிப்புனல்' என்று எப்போதாவது ஒன்று. 2019-ல் 'கைதி' பாட்டே இல்லாமல் வந்து பெரிய வெற்றி பெற்றது. இதில் ஒரு வேடிக்கை: பாலசந்தரும் 1951-ல் 'கைதி' என்று ஒரு படம் எடுத்தவர்தானே! பாட்டு வேண்டாம் என்று அவர் கேட்டதற்கு, அறுபத்தஞ்சு வருஷம் கழிச்சு, அவர் படத்தோட பேரே கொண்ட ஒரு படத்துக்கு ஊர் சரின்னு சொல்லியிருக்கு.

பாலசந்தர் என்ன ஆனார்? குற்றக் கதைகளை விடவில்லை. 'அவனா இவன்', 1964-ல் 'பொம்மை', 1970-ல் 'நடு இரவில்'. இவற்றில் பாட்டு உண்டு. 'பொம்மை'யில் பாட வந்த புதுக் குரல்தான் கே.ஜே. யேசுதாஸ். பிறகு சினிமாவை விட்டு முழுக்க வீணைக்கே போய்விட்டார். உலகம் சுற்றி வாசித்தார். 1982-ல் பத்மபூஷண். 1990-ல் காலமானார். அந்தத் தேதியும் ஏப்ரல் 13.

எப்படிப் பார்க்கலாம்?

முடிக்கிறதுக்கு முன்னாடி மூணு யோசனை. பெரிய சினிமா அறிவெல்லாம் வேண்டாம்.

ஒண்ணு, பஸ்ல பார்க்காதீங்க. ராத்திரி, லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க. நிழல் தெரியணும்.

ரெண்டு, ஒவ்வொரு சாட்சியும் பேசி முடிச்சதும் பத்து செகண்ட் நிறுத்துங்க. 'இவங்களுக்கு இதைச் சொல்றதால என்ன லாபம்?'னு கேளுங்க. கூட யாராவது இருந்தா அவங்ககிட்டயும் கேளுங்க. பதில் வேற வேறயா வரும், அதுதான் மஜா.

மூணு, பாட்டு வந்திருக்க வேண்டிய இடம் எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க. நம்ம காது பழக்கத்துக்கு அங்கங்கே ஒரு காத்திருப்பு வரும். அந்தக் காத்திருப்பைத் தாண்டி உட்கார்ந்திருங்க.

இந்தப் பிரெஞ்சு வகை பிடிச்சிருந்தா, 'ரிஃபிஃபி'க்கு அப்புறம் ழாக் பெக்கரோட 'லே த்ரூ' பாருங்க. 1960-ல் வந்தது. சிறைக்குள்ள தரையை உடைக்கிறதை வெட்டே இல்லாம நிமிஷக்கணக்கா காட்டுவார்.

மாடி வீட்டு அண்ணனுக்கு போன ஞாயிற்றுக்கிழமை 'அந்த நாள்' போட்டுக் காட்டினேன். இந்த முறை மோட்டாரை முதல்லயே போட்டுட்டு உட்கார்ந்தோம். பாதியில அவரு கேட்டார்: "இவங்க எல்லாருமே அவனைப் பத்திதான் பேசறாங்க. அவன் பேசறதை எப்போ கேட்கப் போறோம்?"

சரியான கேள்வி. இருபது நிமிஷம் வேகமா ஓட்டியிருந்தா எனக்கு வராத கேள்வி. பதில் படத்துல இருக்கு. நான் சொல்லல, நீங்களே பாருங்க.

'ஸ்லோ'ன்னு சொன்ன அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.